தேனில் குழைத்த செந்தூரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓணத்துக்கு முந்தைய மாதம் நடந்தது இது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் என் கணவருக்கு அரிசிக்கடை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தங்கை, "அண்ணனுக்கு இல்லாத கிட்னி எனக்கு எதுக்கு?" என்று திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். சோதனைகளெல்லாம் பொருந்தி, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி அடுக்கிய மனிதர், நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். ரத்தம் குறைவு என்று டயாலிசிஸின்போதே இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஊசி என்ன செய்துவிடும் என்று எனக்கு ஒரு இளக்காரம். பிரசவத்துக்குப் பிறகு என்னைத் தேற்றியது அம்மா கொடுத்த அயச்செந்தூரம். அதையே நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, தினம் இரண்டு வேளை தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமே" என்றார்.

"இரும்புதானே! அவங்க ஊசியில ஏத்துறதை நான் வாயில தாரேன்."

என் ஆசைக்காகவே சாப்பிட்டார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கடைசிச் சோதனையில் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. கல்லீரலும் சரியில்லை. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தருவார்களாம். அப்போது இவ்வளவு இரும்பு இருந்தால் கிருமிகளுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடுமாம். "புறத்துநின்னு எந்தெங்கிலும் மருந்து கழிச்சோ?" என்று டாக்டர் கேட்டார், வெளியிலிருந்து ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று.

பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "ஞான் தன்னே வாங்கிக் கழிச்சதாணு டாக்டரே. இவள்க்கு அறியில்லா."

தானே வாங்கிச் சாப்பிட்டதாகவும் எனக்கு எதுவும் தெரியாதென்றும் சொல்லி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். டாக்டர் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "உனக்குக் கூறு இருக்காண்ணே?" என்று நாத்தனார் அழுதாள். கூறுகெட்டவள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இரும்பு இறங்க மாதக்கணக்கில் ஆனது. மறுபடி நாத்தனாரைச் சோதித்தபோது அவளுக்குச் சர்க்கரை ஆரம்பித்திருந்தது. இனி அவளால் தர முடியாது என்றார்கள். தம்பானூரில் பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனைப் பாத்துக்கோங்க மைனி" என்றாள்.

இப்போது, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு கிடைக்கக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம். போன் அடித்தால் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடுகிறேன். அந்த அழைப்பு வரவேண்டுமென்றால் வேறொரு வீட்டில் ஒருவர் போகவேண்டும் என்று தெரிந்தும் ஏங்குகிறேன். அளந்து வைத்த தண்ணீரை அவர் மிடறு மிடறாகக் குடிக்கும்போது, ஒரு செம்புத் தண்ணீரை இந்த மனிதர் கடகடவென்று குடிக்கும் நாள் வராதா என்றிருக்கிறது. இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாரமாவது குறைந்திருக்கும்.

என் நாத்தனார் வாராவாரம் இந்தப் பத்திரிகையை வாசிப்பவள். பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவாள். அன்றைக்கு நீ திட்டியிருக்க வேண்டியது உன் அண்ணனை இல்லை தாயி, என்னைத்தான்; தெரியாமல் மருந்து கொடுத்ததைக்கூட மன்னித்துக்கொள்ள முடிகிறது, தெரிந்தே அவரைப் பழி சுமக்க விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.