டபராவில் ஆற்றிய ஒயின்

எங்கள் வீட்டுக்குள் பாட்டில் வந்தால் அம்மா வெளியே போய்விடுவாள் என்பது பத்து வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று. அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் நண்பன் கொடுத்த பார்ட்டியிலிருந்து பீர் வாசனையோடு திரும்பி வந்தார். அம்மா கதவை முழுதாகத் திறக்காமல் நின்றுகொண்டு, "உன் வயித்துக்குள்ள இருக்கறத நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இந்த வாசலத் தாண்டி ஒரு பாட்டில் வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் நான் நம்பினேன்.

அப்போது நாங்கள் மராத்தி பேசும் ஊரில், வானவடியில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ஹடப்சரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே புதிதாக வந்த இயந்திரங்களை நிறுவிக் கொடுக்க பிரான்சிலிருந்து ஒரு வயதான பொறியாளர் வந்திருந்தார். அப்பாவின் டப்பாவில் அம்மா வைத்து அனுப்பும் எலுமிச்சைச் சாதத்தில் பங்கு கேட்டுச் சாப்பிட்டுப் பழகியவர். அவர் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அப்பா அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்.

அவர் கம்பளிச் சட்டையில் சுற்றிய எதையோ பச்சைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சட்டையை உருவினார். கறுத்த பச்சையில் ஒரு பாட்டில். அப்பாவின் வரவேற்புச் சிரிப்பு பாதியில் நின்றது. அவரோ பூரிப்பாகப் பேசிக்கொண்டே போனார். அவர் சொந்த ஊர்த் தோட்டத்துத் திராட்சையாம். வெளிச்சம் படாத நிலவறையில் பதினைந்து வருடம் படுத்துக் கிடந்ததாம். நல்ல நாளுக்கென்று வைத்திருந்தாராம். என்னைக் காட்டி, இந்தப் பாட்டில் இவளுக்கு அக்கா என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில் வாசலைத் தாண்டிவிட்டது. எழுந்து போய், வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பை எடுத்து என் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். செருப்பில்லாமல் அம்மா கீழே இறங்கமாட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் படிக்கிற பெண் என்று பிரெஞ்சுக்காரர் என்னைப் பாராட்டினார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று, முகத்தில் சிரிப்பு மாறாமல், தமிழில் கேட்டாள்.

"என்னங்க இது?"

"கொண்டாருவாருன்னு எனக்கென்ன தெரியும்?" அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"திருப்பிக் குடுத்துருங்க."

"பதினஞ்சு வருஷமாப் பாதுகாத்து வச்சிருந்தத எடுத்துட்டு வந்திருக்காரு. எப்படிக் குடுக்கறது?"

மாமா நடுவில் புகுந்தார். "அக்கா, இது சாராயம் இல்லக்கா. பழச்சாறு."

"அப்ப கொண்டுபோய் சாமி முன்னால வையி, நைவேத்தியம் பண்ணிரலாம்."

மூவரும் தன் ஒயினைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

தக்கையை அவர் எடுத்த விதம் முள் எடுப்பது போல இருந்தது. அடியில் வண்டல் தங்கியிருக்கும், ஆட்டக்கூடாது என்று சொல்லி, எங்கள் கண்ணாடி டம்ளர் ஒன்றில் மெல்லச் சாய்த்து ஊற்றினார். ஓரத்தில் செங்கல் நிறம், நடுவில் நாவல்பழக் கறை. பழைய ஒயின், இத்தனை காலம் மூடியே கிடந்தது, குடிக்கும் முன் கொஞ்சம் காற்றுப் பட வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு இது புரிந்தது. அவர் செய்யத் தெரிந்த காரியம் அது. சமையலறைக்குப் போய் எவர்சில்வர் டம்ளரும் டபராவும் எடுத்து வந்தார். விருந்தாளி தடுப்பதற்குள் ஒயினை டபராவில் கவிழ்த்து, கையை உயர்த்தி ஒரு ஆற்று ஆற்றினார். பில்டர் காபிக்கு வருகிற மாதிரியே நுரை வந்தது. இன்னொரு ஆற்றுக்குக் கையைத் தூக்கியபோது பிரெஞ்சுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "நோ! நோ! நோ!" என்று அலறினார். எதிர் வீட்டு மராத்திக்காரக் காக்கூ கதவைத் திறந்து, "காய் ஜாலா?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டார். அப்பா டபராவும் கையுமாக உறைந்து நின்றார்.

"அத்தான், இன்னும் கொஞ்சம் ஆறட்டும். சூடா இருக்குபோல" என்றார் மாமா.

டபராவிலிருந்ததை வீணாக்க வேண்டாமென்று, மாமாவே அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். முகம் கோணிப்போயிற்று. கடுக்காய்த் தண்ணீரேதான் என்று எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிரெஞ்சுக்காரரின் கண்கள் இன்னும் விரிந்தன. தூக்கிக் குடித்தால் வாசனை மூக்குக்கு எப்படிப் போகும்? டம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக் காட்டினார். மழையில் நனைந்த காடு தெரிகிறதா, பழைய தோல் பை தெரிகிறதா என்று கேட்டார். அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு அவர் இன்னொரு டம்ளரில் சிறிதளவு ஊற்றி எழுந்து போய், சமையலறை வாசலில் நின்ற அம்மாவிடம் நீட்டினார். நான் பையை இறுக்கிப் பிடித்தேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினாள்.

வாங்கியதே எனக்கு நம்பமுடியாததாக இருந்தது. அடுத்ததாக அவர் காட்டியபடியே டம்ளரைச் சுழற்றினாள், முகர்ந்தாள். எச்சில் பண்ணிக் குடிக்காதே என்று என் தலையில் எத்தனையோ முறை குட்டிய அம்மா, டம்ளர் விளிம்பில் உதட்டை வைத்துக் குடித்தாள். உடனே விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்கிய பிறகு டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவையும் பார்க்காமல், விருந்தாளியையும் பார்க்காமல், மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுவாடா?"

அம்மா சரிபார்ப்பது போல இன்னொரு வாய் குடித்தாள். "இதுவா?" என்றாள் மறுபடியும். மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

மேடம் என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சுக்காரர் ஆவலாகக் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்து, இப்படி ஒன்றை வாழ்நாளில் ருசித்ததில்லை என்கிறாள் என்று மொழிபெயர்த்தார். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து அம்மாவுக்கு வணக்கம் சொன்னார்.

போன வருடம் என் மகள் பிறந்த சமயம் அம்மா வந்து என்னுடன் இருந்தாள். என் கணவர் அலுவலக விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கினார். தூக்கவிட்டது சரியா, சொல்லியிருக்க வேண்டுமா, சொன்னால் சண்டையாகுமா என்று நான் மறுநாள் மதியம்வரை புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா பூண்டு உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். தாத்தா காமாலையில் போனார் என்றுதான் எனக்குத் தெரியும். காமாலை எதனால் வந்தது என்று நான் கேட்டதில்லை.

"பொழுது சாஞ்சா எங்கப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லி என்னையும் உங்க மாமாவையும் சாராயக் கடைக்கு அனுப்புவாங்க. உள்ள போகக்கூடாது. வாசல்லயே நிப்போம். கூப்பிட்டா, இந்தா வந்துட்டேன் கண்ணுன்னு குரல் மட்டும் வரும். ஆளு வரமாட்டாரு. நம்மள விட அதுல அப்படி என்னடா இருக்குன்னு அவங்கிட்டக் கேப்பேன். உங்க மாமா சின்னப் புள்ள. தேன் மாதிரி இருக்கும்போல அக்காம்பான்."

சொல்லிவிட்டு, பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், பாட்டில் வந்தும் அம்மா போகவில்லை என்பதுதான். விருந்தாளிக்கு அவள் இரண்டாம் முறை ரசம் ஊற்றியபோது பையைத் திறந்து செருப்பை எடுத்து, ஜோடி மாறாமல் வாசலில் வைத்தேன். மாமாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றவர் திரும்பவே இல்லை. இரண்டாவது டம்ளர் கிடைக்காத கோபம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.