உதடு குவியாத வார்த்தை

நாவல் எழுதுகிறவர்கள் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. மேகத்தைப் பார்த்தால் அடுப்பு எரியுமா? இந்தக் கதைக்குச் சொந்தக்காரி நான்கு நாவல்கள் எழுதியவள். நல்ல நாவல்கள்தான். படித்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். என்ன, அதில் பாதிப் பேர் இரவல் வாங்கிப் படித்தவர்கள். ஆகவே அவள் கைக்குக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தாள். வானொலிக்கு நாடகம் எழுதினாள். பல்பொடி விளம்பரத்துக்குப் பாட்டு எழுதினாள், அந்தப் பாட்டைத் தெருவே பாடியது, எழுதியவள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் வந்து சேர்ந்து நிலைத்த வேலை, டப்பிங் வசனம்.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். வேற்று மொழி சீரியல் ஒன்று வரும். அதில் அழுகிறவளுக்கும் மிரட்டுகிறவனுக்கும் நம் மொழியில் வசனம் எழுத வேண்டும். அர்த்தம் வந்தால் மட்டும் போதாது. திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் வார்த்தையிலும் உதடு ஒட்ட வேண்டும், அங்கே ஒரு ‘ம’வோ ‘ப’வோ விழ வேண்டும். வாய் திறந்திருந்தால் ‘ஆ’. குவிந்தால் ‘ஓ’, ‘ஊ’. இல்லாவிட்டால் வாய் ஒரு பக்கம் போக வார்த்தை ஒரு பக்கம் போகும், பார்க்கிறவர்களுக்கு ஏனென்று தெரியாமலே எரிச்சல் வரும். அவள் சத்தத்தை அணைத்துவிட்டு வெறும் உதட்டைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். டீ கொண்டுவருகிறவர் முதல் முதலாளி வரை ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவள் உதட்டக்கா. வெளியிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. வங்கி வரிசையில் நின்றால்கூட முன்னால் பேசுகிறவரின் வாயையே பார்ப்பாள். "அம்மா, அந்த ஆளு தப்பா நினைக்கப் போறாரு" என்று மகன் முழங்கையால் இடிப்பான். மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், பார்வை விஷயத்தில் கொஞ்சம் கறார்.

அவள் எழுதுவதைப் பேசுகிறவள் மைக்கு. அவளுக்கும் அது வைத்த பேர்தான். மைக் இல்லாமலே மூன்றாவது வீட்டுக்குக் கேட்கிற குரல். ஆனால் ஒலிப்பதிவு அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிவிட்டால் அந்தக் குரல் சொன்னபடி கேட்கும், பதினாறு வயசுக்காரியாகவும் பேசும், பல் போன கிழவியாகவும் பேசும். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில், சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேரும் வேர்த்து வழிய நின்று, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, நகமும் சதையுமாக வருஷக்கணக்காக வாழ்ந்தார்கள். கூடவே நின்று நின்று மைக்குக்கும் உதட்டுக் கணக்கு பிடிபட்டுவிட்டது. "அக்கா, இங்க ‘சரி’ வேணாம், ‘ம்’ போடு, ஒட்டும் பாரு" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு பேருக்கும் புருஷன் விஷயத்தில் தலையெழுத்து ஒரே மாதிரி. மைக்கின் புருஷன் கப்பல் வேலைக்கென்று போனவன், போனவன்தான். இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாது. உதட்டக்காவின் புருஷன் போட்டோகிராபர். மகன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வெளியூரில் ஒரு வேலை என்று கேமராப் பையை மாட்டிக்கொண்டு போனார். வேலையும் கிடைத்தது, அங்கேயே ஒரு குடும்பமும் கிடைத்தது. பல வருஷம் கழித்து அந்தக் குடும்பம் அவரைக் கை கழுவியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி இந்த வாசலில் வந்து நின்றார். அவள் கதவைப் பாதி திறந்தாள். அழவில்லை, திட்டவில்லை. "இனிமே வராதீங்க" என்றாள். கதவைச் சாத்தினாள். அப்போது மைக்கு உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எத்தனை பலம் வேண்டியிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். சொன்ன பிறகு நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது நாவலை அதற்காகவே எழுதினாள். கடைசி வரி அதே வரிதான், ஒரு எழுத்து மாற்றவில்லை.

அந்த நாவலைத்தான் படமாக்கக் கேட்டு டைரக்டர் ஒருவர் வந்தார். வந்த அன்றே நாயகியை நாட்டிய ஆசிரியை ஆக்கினார். இரண்டு அறை வீட்டை மாடி வீடாக்கினார். தேவையில்லாத இடத்தில் மழை பெய்யவைத்தார். உதட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். யானையை விற்ற பிறகு அங்குசத்துக்கு என்ன சண்டை? ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதை வேணாலும் மாத்திக்குங்க. கடைசியில அவ சொல்ற வார்த்தையை மட்டும் தொடாதீங்க."

"எங்கம்மா மேல சத்தியம்மா" என்றார் டைரக்டர். அவருடைய அம்மா நல்ல திடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நாயகியாக நடித்த பெண்ணுக்கு நம் மொழி தெரியாது. உதட்டக்கா படப்பிடிப்புக்கே போய், இ-னி-மே வ-ரா-தீங்-க என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று அப்படியே சொன்னாள். முகம் கல்லாக இருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற உதட்டக்கா அவளோடு சேர்ந்து வாயசைத்தாள். சத்தியம் காப்பாற்றப்பட்டது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

குரல் யார் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. "மைக்கு பேசலன்னா நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்" என்றாள். கடைசிக் காட்சி ஒலிப்பதிவு அன்றைக்கு அவளுக்கு நல்ல காய்ச்சல். "நீ படு அக்கா, உன் வார்த்தை எனக்குத் தெரியாதா" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள் மைக்கு. கூடப் பிறந்தவள்கூட அப்படி மூடியிருக்க மாட்டாள்.

படம் வெளியான அன்று மாலைக் காட்சிக்கு மகனோடு போனாள். மைக்குக்கு வேறு வேலை இருந்ததாம், வரவில்லை. படம் ஓடியது. மழை பெய்தது. கடைசியில் அந்தக் கதவு வந்தது, பாதி திறந்தது. உதட்டக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"இனிமே போகாதீங்க."

மைக்கின் குரல். அழுகையை அடக்கிக்கொண்டு, கெஞ்சலாக, அத்தனை அழகாக. அடுத்த காட்சியில் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அது முதல் பாதியில் எடுத்தது, அதே சட்டை, அதே வாசல், கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ‘போ’ என்றால் உதடு ஒட்டிக் குவிய வேண்டும். திரையில் அந்தப் பெண்ணின் உதடு ஒட்டவும் இல்லை, குவியவும் இல்லை. அவள் ‘வராதீங்க’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், பாவம், அவள் வாயை மட்டும் விட்டுவிட்டு வார்த்தையை உருவிக்கொண்டார்கள். மற்றபடி எங்கும் பிசகில்லை. ஒட்டுகிற இடத்தில் ஒட்டியது, திறக்கிற இடத்தில் திறந்தது. இத்தனை கச்சிதமாக ஒரு வார்த்தையை மாற்றிவைக்க அந்த ஊரில் இரண்டே பேரால்தான் முடியும். ஒருத்தி நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கன்னமெல்லாம் ஈரம். "தேங்க்ஸ்மா" என்றான். "நீ இப்படி எழுதுவேன்னு நான் நினைக்கவே இல்ல."

வளர்ந்த பிள்ளை, அப்பா என்ற வார்த்தையை வீட்டில் சொல்லாமலே வளர்ந்த பிள்ளை, அழுகிறான். இல்லையென்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் டைரக்டருக்குப் போன் போட்டாள். அந்த மனுஷர் பதறிப்போனார்.

"அம்மா, நான் எடுத்ததுல எதையும் மாத்தலையே. டப்பிங்லதான் உங்க ஃப்ரெண்டு இப்படி ஒரு தரம் சொல்லிப் பார்த்தாங்க. எல்லாரும் அழுதுட்டோம், அதுக்கேத்த மாதிரி அந்தச் செருப்பு ஷாட்டைக் கொண்டுவந்து ஒட்டினோம். உங்களுக்குச் சம்மதம்னு அவங்கதான் சொன்னாங்க."

நேரே மைக்கின் வீட்டுக்குப் போனாள். மைக்கு துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தவில்லை. வருவாள் என்று தெரிந்திருக்கிறது.

"டைரக்டர் கேட்டாரா?" என்றாள் உதட்டக்கா.

"இல்லக்கா."

"பணம் ஏதாவது..."

"சீ. என்ன பேச்சு இது."

"அப்புறம் ஏன்டி?"

மைக்கு ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். நீ கதவச் சாத்தின சத்தம் கேட்டுது. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என் வாசல்ல யாரும் வந்து நிக்கலக்கா. வந்திருந்தா காலைக் கட்டிட்டு அழுதிருப்பேன். உனக்கு வந்தாரு. நீ அவ்ளோ சுலபமா அனுப்பிட்ட."

"சுலபமா?"

"அந்த மைக் முன்னாடி நின்னேன். வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்ளோதான்."

"உனக்கு வாய் வரலன்னா உன் கதையில சொல்லு. என் வாய்ல எதுக்குப் போட்ட? எனக்குச் சம்மதம்னு எதுக்குப் பொய் சொன்ன?"

மைக்கு மடியிலிருந்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். இருந்த ஒரே பதிலைச் சொன்னாள். "ஊரே உன்னைப் பாராட்டுதுக்கா."

உதட்டக்கா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். ஊரான் கெடுத்தால் திட்டித் தீர்த்துவிடலாம். கூட இருந்து, ஒரே பாத்திரத்தில் தின்று, காய்ச்சலில் போர்வை மூடிவிட்டுப் போய்க் கழுத்தை அறுத்தவளை என்ன செய்வது? வழியில் மளிகைக் கடைக்காரர் கை எடுத்துக் கும்பிட்டு, "மன்னிக்கிற மனசு எல்லாருக்கும் வராதும்மா" என்றார். அவள் அவர் வாயைக்கூடப் பார்க்கவில்லை.

படம் நன்றாக ஓடியது. ஓடினால் எங்கெல்லாம் ஓடும்? எங்கே ஓடக் கூடாதோ அங்கேயும் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டிய சத்தம் கேட்டு அவள் திறந்தாள். அவர் நின்றார். தலை நரைத்து, ஆள் பாதியாகி, கையில் ஒரு பெட்டி. முகத்தில் சங்கோஜமே இல்லை. அழைப்பு வந்து வந்தவரின் முகமாக இருந்தது.

"படம் பார்த்தேன்" என்றார். "ரெண்டு தடவை பார்த்தேன். உன் மனசு எனக்குத் தெரியாமப் போச்சு." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதீங்க."

குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். உள்ளேயிருந்து மகன் வந்துவிட்டான். அவனுக்கு யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே மூக்கு. அவன் ஒரு அடி முன்னால் வைத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிள்ளையின் முகத்துக்காகவாவது இவரை உள்ளே விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியது என்பதை மறைப்பானேன்.

"நீதானம்மா எழுதின" என்றான் மகன் மெல்ல.

"நான் எழுதலடா. நான் எழுதினது வேற. புத்தகத்துல இருக்கு, நீ படிச்சதில்ல."

மகனின் முகம் தொங்கிப்போனது. பெட்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் படம்தானே? கூப்பிட்டது நீதானே?" என்றார்.

"கூப்பிட்டது நான் இல்ல. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பெரிய தெருவுல இருக்கா. தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, பச்சைக் கேட். அங்க போய்க் கேளுங்க."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மகன் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாயங்காலம் போன் அடித்தது. மைக்கு.

"அக்கா, அவரை எதுக்கு இங்க அனுப்பின? பெட்டியோட வாசப்படியில உக்காந்திருக்காரு. மத்தியானத்துலேருந்து உக்காந்திருக்காரு. தெருவே பாக்குது. பாத்தா பாவமா இருக்கு. நான் என்ன சொல்லி அனுப்புவேன்?"

"போகாதீங்கன்னு நீதானே சொன்ன. இப்ப போங்கன்னு நீயே சொல்லு. சுலபம்னு சொன்னியே, சொல்லிப் பாரு."

மைக் இல்லாமலே மூன்றாவது வீட்டுக்குக் கேட்கிற அந்தக் குரல் போனிலேயே சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. "அக்கா, என்னால முடியலக்கா" என்றது.

உதட்டக்கா போனை வைத்தாள். வைத்த கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அறைக் கதவைத் திறந்துகொண்டு மகன் வந்தான். கோபம் தீராத முகத்தோடு தள்ளி நின்றான்.

"அவருக்காகவா அழற?"

"அவருக்கு அழுது முடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சுடா" என்றாள். "அவளுக்குத்தான். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."