ஃபோர்க்கில் வைத்த பொட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஆயுத பூசை என்றால் எந்தச் சாமானும் தப்ப முடியாது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மிக்கல், அப்பாவின் ரேடியோ எல்லாமே பொட்டோடுதான் இருக்கும். போன வருடம் தங்கச்சியின் மலைச் சைக்கிளையும் கழுவித் துடைத்து வரிசையில் நிறுத்தினோம். முன்சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கில் பளபளவென்று இரண்டு குழாய்கள் இருக்கும். பொட்டு வைக்க அதைவிட அழகான இடம் அம்மாவின் கண்ணில் படவில்லை. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசி, அதன் மேல் குங்குமமும் அப்பிவிட்டார்.

பூசை முடிந்த கையோடு தங்கச்சி அதில் ஏறி நமுனுகுல மலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தாள். காய்ந்த சந்தனம் குழாயோடு இறங்கி, அதைச் சுற்றி இறுக்கமாக இருக்கும் ரப்பர் சீலுக்குள் மாட்டிக்கொண்டது. அமுக்கினால் ஃபோர்க் இறங்கியது. மேலே வரத்தான் அடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ், அதிலும் மலையிலிருந்து கல் படிகளில் இறங்க வேண்டிய ரேஸ். ஃபோர்க் சிக்கினால் தலைகுப்புற விழுவாள். அந்த ரேஸுக்காக அவள் வருடம் முழுக்கப் பழகியிருந்தாள்.

அவ்வளவுதான், லயமே வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் போடும் கிரீஸைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மாமா விடியற்காலையிலேயே தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார்.

"ரெண்டு சொட்டு விடு புள்ள, வழுக்கிக்கிட்டு ஓடும்."

"அந்தப் போத்தலக் கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க மாமா, பாப்போம்."

நான் கேட்டபடியே கவிழ்த்தார். குளிரில் எண்ணெய் கட்டியாக உறைந்திருந்தது. ரேஸ் தொடங்குவதும் அதே மாதிரிக் குளிர்க் காலையில்தான். அப்பாவின் கிரீஸுக்கும் நான் மசியவில்லை. அது பற்சக்கரத்துக்கு ஆனது. கெட்டியாக இருந்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பரையும் உப்ப வைத்துவிடக்கூடும். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்தான். என்னைத் தவிர யாரும் அந்தச் சைக்கிளில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பண்டாரவளை டவுனுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே சைக்கிள் கடைக்கார நானா முதலில் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எடுத்து வைத்தார்.

"இது உள்ள இருக்கிற எண்ணெயையும் கழுவிரும் நானா. ரப்பர் சீலுக்குப் போடுற சிலிக்கன் கிரீஸ் வேணும்."

"இத இங்க யாரும் கேக்கிறதில்லயே மகள்," என்றபடி அலுமாரியின் அடித்தட்டைக் குடைந்து ஒரு சின்ன டியூபை எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சீலின் விளிம்பை மெல்ல நெம்பி, ஒட்டியிருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தெடுத்தேன். கிரீஸை விரல் நுனியால் மெலிதாக உள்ளே பூசினேன். அமுக்கி அமுக்கி விட்டு, வெளியே வந்த அழுக்கையும் துடைத்தேன். ஃபோர்க் இறங்கி, சத்தமில்லாமல் மேலே வந்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

ரேஸன்று கல் படிகளுக்குக் கீழே நின்றேன். தங்கச்சி பாய்ந்து வந்தபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், நான் ஃபோர்க்கைப் பார்த்தேன். படிக்குப் படி அமுங்கி, படிக்குப் படி எழுந்தது. பெண்களில் முதலாவதாக வந்தாள். அவள் என் தங்கச்சி, அது நான் கை வைத்த சைக்கிள் என்று, கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன்.

வீடு திரும்பியதும் அம்மா குங்குமச் செப்போடு சைக்கிள் பக்கம் போனார்.

"அம்மா! அதுல வைக்காதம்மா!"

"தெரியும்டி, கத்தாத."

சைக்கிளைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் கிடந்த கிரீஸ் டியூபை எடுத்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, அதற்கு ஒரு பொட்டு வைத்தார்.