பன்னிரண்டே முக்கால் அடி

இடது கை செங்கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. வலது கை கரண்டி நுனியில் தீக்களிமண்ணை அள்ளி, விரல் பருமனுக்கு மேல் போகாமல் அதன் பக்கவாட்டில் பரப்பியது. கல்லை இடத்தில் வைத்ததும் ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு. பிதுங்கிய மண்ணைக் கட்டைவிரல் வழித்து எடுத்தது. நடுவில் அடித்திருந்த முளையிலிருந்து ஒரு நூல் வந்தது, நூலின் முனையில் ஓர் ஆணி. ஒவ்வொரு கல்லையும் அந்த ஆணி வந்து தொட்டுப் பார்த்தது. சரியாகத் தொட்டால் அடுத்த கல். எட்டாமல் நின்றாலோ இடித்தாலோ, அந்தக் கல் வெளியே வந்து மறுபடி குளிக்கப் போனது.

ஒரு வரிசைக்கு இருபத்தைந்து கல், மொத்தம் நான்கு வரிசை. மூன்றாவது வரிசை மூடும் நேரத்தில் பின்வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. யாரோ பழைய சிநேகிதியை அழைத்து வந்து நிறுத்தியிருந்தார்.

"மேல பாருங்க. சின்ன மாப்பிள்ளை போட்ட கூரை. ஒரு தூண் உண்டா பாருங்க. சுவத்துலயிருந்து அப்படியே நீட்டி விட்டிருக்காரு. எவ்வளவு மழை பெய்யட்டும், ஒரு சொட்டு கீழ விழாது."

"அங்க குனிஞ்சிருக்கறது யாரு?"

"அது பெரிய மாப்பிள்ளை. குழி கட்டுறாரு."

கொத்தனார் நிமிரவில்லை. கையிலிருந்த கல்லை மட்டும் ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டார். அது உள்ளே போய்விட்டது. எடுத்து மறுபடி வைத்தார்.

அந்த வீட்டின் சுற்றுச்சுவர் அவர் கட்டியது. குளியலறைத் தரை அவர் பதித்தது. ஒரு குவளைத் தண்ணீரை எந்த மூலையில் ஊற்றினாலும் நேராகச் சாக்கடைக்குப் போய்ச் சேரும். முன்வாசல் படிகள் ஐந்தும் அவருடையவை, ஒன்றுக்கொன்று நூல் பிசகாது. இருபது வருடத்தில் யாரையும் கூட்டிவந்து அந்தப் படியைப் பாருங்கள் என்று மாமியார் காட்டியதில்லை. ஒருநாள் மனைவியிடம் இதைச் சொல்லியே விட்டார். மனைவி சிரித்துவிட்டாள்.

"படியை யாராவது காட்டுவாங்களா? ஏறத்தான் செய்வாங்க."

சகலை வெல்டர். வந்து சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பின்வாசலுக்குமேல் அந்தத் தகரக் கூரையைப் போட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் கூரையைப் பார்த்தாக வேண்டும். கொத்தனார் மட்டும் பார்க்க மாட்டார். அதன் கீழே நடப்பார், அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார், கண்ணை மட்டும் மேலே கொண்டுபோக மாட்டார்.

இப்போது இந்தத் தீக்குழி அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. மாமியார் முப்பது வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கியவர். வேலையிலிருந்து நின்ற பிறகும் குளிர் தன் எலும்பை விட்டுப் போகவில்லை என்று சொல்வார். குளிர்காலம் வந்தால் சாயங்காலம் கொல்லையில் சருகு, அட்டைப்பெட்டி, உடைந்த நாற்காலிக் கால் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் குவித்துக் கொளுத்தி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். போன மாதம் ஒருநாள் காற்று திரும்பி, புகை முழுக்கப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போனது. மறுநாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸோடு விதிகள் அடங்கிய தாளும் இருந்தது. சருகும் குப்பையும் இனி எரிக்கவே கூடாது. காய்ந்த விறகு மட்டும், அதுவும் கட்டிய குழிக்குள். குழியின் உள்வாய் மூன்று அடிக்கு மேல் போகக் கூடாது. கட்டடத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் வேலியிலிருந்தும் பதினைந்து அடி தள்ளி இருக்க வேண்டும். பொறி பறக்காமல் கம்பிவலை மூடி வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். காற்று வீசும் நாளில் பற்றவைக்கக் கூடாது. அணையும்வரை பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அதிகாரி வந்து அளந்து பார்த்துத்தான் அனுமதிச் சீட்டுத் தருவார். இந்தக் குளிர்காலத்துக்கான சீட்டு கொடுப்பது வியாழக்கிழமையோடு முடிகிறது. தவறினால் அடுத்த வருடம்தான்.

"அப்ப இந்த வருஷம் நான் போர்வைக்குள்ளதானா?" என்று மாமியார் கேட்டபோது, "நான் கட்டித் தரேன் அத்தை" என்று கொத்தனார் முந்திக்கொண்டார். குளிர்காலம் முழுவதும் மாமியார் உட்காரப்போவது இவர் கட்டிய குழியின் முன்னால். வருகிறவர்களும் அங்கேதான் உட்கார வேண்டும். தீயைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கூரையையா பார்ப்பார்கள்?

கம்பிவலை மூடி என்ற ஒரு வரிதான் இடித்தது. அது இரும்பு வேலை. மாமியார் அன்றைக்கே சின்ன மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்காவது வரிசையும் முடிந்தது. கொத்தனார் ரசமட்டத்தை எட்டுத் திசையிலும் வைத்துப் பார்த்தார். குமிழி எல்லாவற்றிலும் நடுவில் நின்றது. மனைவியையும் மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி நின்றது.

வெல்டர் மூடியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கவிழ்த்த கூடை போல வளைந்த வலை, மேலே ஒரு வளையம், அதைத் தூக்க நீளமான கொக்கி. மாமியார் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அடேயப்பா! ராஜா வீட்டுக் கிரீடம் மாதிரி இருக்கே மாப்பிள்ளை!"

"சும்மா வலைதான் அத்தை."

கொத்தனாரின் மனைவிகூட வலையைத் தடவிப் பார்த்தாள். தடவட்டும், என்று அவர் நினைத்துக்கொண்டார். குழியைத் தடவ ஆளில்லை. நூறு கல், இரண்டு நாள், முழங்காலில் கொப்புளம். அவன் ஒரு வலையை வளைத்துக்கொண்டு வந்ததும் கிரீடமாம்.

"சூப்பரா கட்டியிருக்கீங்கண்ணே" என்றான் வெல்டர். குனிந்து இணைப்புகளை விரலால் தொட்டும் பார்த்தான். அதுவும் கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. பாராட்டுவதிலும் இவன்தான் முதலா?

வெல்டர் எழுந்து இடுப்பிலிருந்த டேப்பை உருவினான். பழக்கதோஷம். அதன் கொக்கி முனையை எட்டித் தன் கூரையின் விளிம்பில் மாட்டிவிட்டுக் குழிவரைக்கும் நடந்தான். நின்றான். திரும்பிப் போய் மறுபடி மாட்டினான்.

"அண்ணே, நீங்க எங்கேயிருந்து அளந்தீங்க?"

"எங்கேயிருந்து அளப்பாங்க? சுவத்துலயிருந்துதான். பதினஞ்சரை இருக்கு. அரை அடி கூடத்தான் விட்டிருக்கேன்."

"இங்கேயிருந்து பன்னிரண்டே முக்கால்தான் வருது."

கொத்தனார் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மூன்று முறை படித்த தாள்தான். கட்டடத்தின் எந்தப் பகுதியிலிருந்தும். கொத்தனாருக்கு வீடென்றால் சுவர். சுவர் எழும்பி முடிந்ததும் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்; கூரை போடுகிறவர்கள் அதன்பிறகு வருவார்கள். அந்த ஆட்களை அவர் பெரும்பாலும் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் இங்கே அது மட்டும் காரணமில்லை என்று அவருக்கே தெரிந்தது. இரண்டு வருடம் நிமிர்ந்து பார்க்காதவர் இப்போது பார்த்தார். கூரை சுவரைத் தாண்டி இரண்டே முக்கால் அடி நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்பைக்கூட மடித்து, கை கிழிக்காதபடி உருட்டிவிட்டிருந்தான்.

மாமியாரின் முகம் வாடிவிட்டது. "வியாழக்கிழமை காலைல வந்துடுவாங்களே. அப்ப இந்த வருஷம் கிடையாதா?"

"அதெல்லாம் இல்லத்தை" என்றான் வெல்டர். "நான் கூரையை ரெண்டரை அடி வெட்டி விட்டுடறேன். வண்டியில கிரைண்டர் இருக்கு. ஒரு மணி நேரம்."

"உங்க கூரையையா!"

"தகரம்தானே அத்தை. அண்ணன் ரெண்டு நாள் முட்டி போட்டுக் கட்டியிருக்காரு. அதைப் பிரிக்கச் சொல்ல முடியுமா?"

கொத்தனாரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. அந்தக் கூரை வெட்டுப்படும். இவன் கையாலேயே வெட்டுப்படும். மிச்சம் நிற்பது கால் அடி; அதை யாருக்குக் காட்ட முடியும்? சரி என்று தலையை ஆட்டினால் போதும். வெல்டர் வண்டிக்கு நடக்கத் தொடங்கிவிட்டான்.

அப்போது மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"பார்த்தியாடி? அண்ணன் தப்பா கட்டினதுக்குத் தன் கூரையையே வெட்டறேங்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

இனிப்பு அப்படியே கசந்தது. கொத்தனாருக்கு எல்லாம் கண்முன் ஓடியது. இனி வருகிறவர்களுக்கெல்லாம் வெட்டிய விளிம்பை மாமியார் காட்டுவார். "முன்னாடி எவ்வளவு நீளமா இருந்தது தெரியுமா? பெரியவரு அளவைத் தப்பா எடுத்துட்டாரு, சின்னவரு மனசு வச்சு வெட்டிக் கொடுத்தாரு." முழுக் கூரைக்கு இரண்டு நிமிடம் பேசினவர், வெட்டின கூரைக்கு அரை மணி பேசுவார். தான் கட்டிய குழியோ ஆயுளுக்கும் தப்பின குழியாக அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

"தம்பி!" என்று கத்தினார். ஆறு வருடத்தில் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. "கூரையில கை வச்சே, நடக்கறதே வேற. தப்பு என்னோடது. நான் பிரிச்சுக் கட்டறேன்."

"அண்ணே, ஒரே நாள்தான் இருக்கு..."

"நாள் எனக்குத் தெரியும். நீ போய் டீ குடி."

புதன்கிழமை விடிந்ததும் முதல் கல்லைப் பெயர்த்தார். தீக்களிமண் இன்னும் முழுக்க இறுகவில்லை. உளியைச் சரித்து மெல்லத் தட்டினால் கல் விட்டுக்கொடுத்தது. ஏழு கல் உடைந்தது; அதற்கு ஈடாக மிச்சக் கல் இருந்தது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுரண்டி, கழுவி, அடுக்கினார். இனி அளக்க வேண்டும். குழி கூரையிலிருந்தும் பதினைந்து தள்ள வேண்டும், பின்வேலியிலிருந்தும் பதினைந்து தள்ள வேண்டும். கொல்லையில் அதற்குச் சாண் அகலம்தான் முன்பின் நகர இடம் இருந்தது. டேப்பின் மறுமுனையை ஒருவர் பிடித்தாக வேண்டும். மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கூரை விளிம்பு எட்டாது. அவரு வாசல்லதான் உட்கார்ந்திருக்காரு. வேலைக்கே போகல. கூப்பிடட்டா?"

"ஏன், உன் வாய் சும்மாதானே இருக்கு? கூப்பிடு."

வெல்டர் வந்து பிடித்தான். பேசாமல் பிடித்தான். இழுத்தால் இழுபடாமல், விட்டால் தொய்யாமல் பிடித்தான். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கொத்தனார் தேடினார்; கிடைக்கவில்லை. கூரையிலிருந்து பதினைந்தே கால் வந்த இடத்தில் குழியின் இந்தப்பக்க விளிம்புக்கு அடையாளம் வைத்தார்கள். எதிர் விளிம்பிலிருந்து பின்வேலிக்குப் பதினைந்தரை. பக்கவேலிகளையும் பார்த்தார்கள், இடித்ததாக எதுவும் இல்லை.

"போதும்ணே, சரியா இருக்கு" என்றான்.

"இன்னொரு தடவை" என்றார் கொத்தனார்.

முதல் வரிசை வைப்பதற்குமுன் மூடியைத் தரையில் வைத்து, உச்சி வளையத்தில் தன் நூலைக் கட்டி, ஆணியை விளிம்போரமாகச் சுற்றினார். மூடியின் விளிம்பு கல்லின் நடுவில் உட்கார வேண்டும். வட்டம் எங்கே கோணியிருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்பக் கல்லை வைக்கலாம். உள்ளூர வேறு ஒரு ஆசையும் இருந்தது. ஆணி விளிம்பைத் தொட்டபடியே கிளம்பியது. கால் வட்டம், அரை வட்டம், முக்கால் வட்டம். எங்கேயும் எட்டாமல் நிற்கவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். அப்படியும் ஒரு மயிரிழை தப்பவில்லை. பிரித்துப்போட்ட தன் குழியில் பதினெட்டாவது கல் பக்கம் அரை நூல் அளவு இடித்திருந்ததும், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டதும் நினைவுக்கு வந்தது.

"பாவி" என்றார் வாய்க்குள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. தண்ணி கொண்டா."

அன்று அவர் வைத்த கற்களில் எதையும் அரை நூலுக்குக்கூட விடவில்லை. இணைப்புகளை வழித்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, பிறகு குச்சியால் கோடு இழுத்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. வெல்டர் கல்லை முக்கி முக்கி வரிசையில் எடுத்து வைத்தான். அவனைப் போகச் சொல்ல அவருக்கு நேரமில்லை. பொழுது சாயும் நேரத்தில் நூறாவது கல் உட்கார்ந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தீயணைப்பு நிலையத்து அதிகாரியம்மா வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கூரையின் விளிம்பில் டேப்பை மாட்டினார். அதிகாரியம்மா எழுதினார். வேலிகளை அளந்தார், உள்வாயை அளந்தார், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா பார்த்தார். பிறகு மூடியைத் தூக்கி வைத்தார். அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார். எந்தப் பக்கமும் ஆடவில்லை.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

"கடையிலயா? ரெண்டும் எங்க வீட்டு மாப்பிள்ளைங்க பண்ணது" என்றார் மாமியார். "மூடி சின்னவரு."

இதோ, ஆரம்பித்தாயிற்று, என்று கொத்தனார் நினைத்தார்.

"மூடி சரி" என்றார் அதிகாரியம்மா. "நான் இந்த வாரம் இருபது குழி பார்த்தேன். பாதி சுவத்துலயிருந்து அளந்து கட்டினது. திருப்பி அனுப்பிட்டேன். இங்கதான் ஒழுங்கா கூரையிலயிருந்து அளந்திருக்காங்க. கட்டினவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

கொத்தனார் வெல்டரைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தால் தீர்ந்தது. மாமியார் வேறு வாயெடுக்கப் போனார். வெல்டர் தரையைப் பார்த்தபடி, "அண்ணன் எப்பவுமே ரெண்டு தடவை அளப்பாரும்மா" என்றான்.

அதற்கும் ஆத்திரமாகத்தான் வந்தது. பொய்யும் இவ்வளவு அழகாகச் சொல்ல வேண்டுமா?

சீட்டைக் கொடுத்துவிட்டு அதிகாரியம்மா போனார். மாமியார் அப்போதே விறகுக்கு ஓடினார்.

"அத்தை, நில்லுங்க. இன்னும் அஞ்சு நாள் காயணும். அதுக்கப்புறமும் முதல் நாள் சின்னதா நாலு குச்சி, அவ்வளவுதான். எடுத்ததும் பெருசா எரிச்சா கல் வெடிச்சுடும்."

"அஞ்சு நாளா!"

"முப்பது வருஷம் குளிர்ல நின்னீங்க. அஞ்சு நாள் நிக்க மாட்டீங்களா? சருகு போடக் கூடாது. அட்டை போடக் கூடாது. நாற்காலிக் கால் போடவே கூடாது. காத்தடிச்சா அன்னிக்கு லீவு. எழுந்து உள்ள போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, கையை வச்சுப் பார்த்துட்டுத்தான் போகணும்."

"சரி மாப்பிள்ளை, சரி. இதை எப்படித் தூக்கறது?"

கொத்தனார் மூடியின் வளையத்தில் கொக்கியை மாட்டிக் காட்டினார். ஒரே தூக்கில் வந்தது, கனம் தெரியவில்லை. இதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறான். சொல்லலாமா வேண்டாமா என்று மூடியை ஒருமுறை இறக்கி மறுபடி தூக்கினார்.

"கொக்கி நல்லா இருக்கு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு மூடியை இறக்கி வைத்து, மாமியாரின் கையைப் பிடித்து விரல்களைச் சரியான இடத்தில் மடக்கி, கொக்கியை அவரிடம் கொடுத்தார். "இந்தாங்க அத்தை. இனிமே உங்க குழி."