வெள்ளிக்கிழமைப் பொட்டும் புது மெழுகும்

காருக்கு மெழுகு போடுவதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். மெழுகின் மேல் ஒரு குற்றமும் இல்லை. எரிச்சலெல்லாம் அதைத் தேய்த்த கையின் மேல்தான்.

பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி நானும் என் சிநேகிதனும் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தோம். கார், ஜீப் கழுவி பாலிஷ் போட்டுக் கொடுப்பது தொழில். செல்போன் கைக்குக் கை வந்துவிட்ட காலம் அது. கல்யாண வண்டிகளும் ஏலத்தோட்டக்காரர்களின் ஜீப்புகளும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. நான் தேய்ப்பவன், அவன் பேசுபவன். ஆனால் அவன் எவ்வளவு பேசினாலும் வண்டிக்காரர்கள் கடைசியில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் தலையாட்டினால்தான் சாவி கைமாறும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நான் போட்டது பழைய மெழுகு. ஏதோ ஒரு தேசத்துப் பனையோலையிலிருந்து எடுப்பதாம். டப்பாவுக்குள் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். வெயிலில் வைத்து இளக்கி, துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, வெள்ளை பூத்ததும் துடைத்தெடுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் கறுப்பு வண்டியில் அது கொடுக்கிற மினுப்பு இருக்கிறதே, எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு தோற்றுப்போகும். குறை ஒன்றுதான்: வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தால் சீக்கிரம் போய்விடும்.

அவன் குமுளிப் பக்கமிருந்து புதுசாக ஒரு டப்பா கொண்டுவந்தான். அதே பனைமெழுகுதான், கூடவே ஏதோ ரசாயனம் கலந்தது. 'ஹைப்ரிட்' என்றான். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. துடைக்கவும் சுலபம். மினுப்பு மட்டும் எவர்சில்வர் தட்டின் பளபளப்பு.

"ஏலே, ஹைப்ரிட் தக்காளியே ரசத்துக்கு ஆகாது. இத வண்டிக்குப் போடச் சொல்றியா?" என்றேன்.

"பேச்சு எதுக்கு மாப்ள? ஒன் கார்லயே பாத்துருவோம்" என்றான்.

வாடகைக்கு ஓட்டுவதை நிறுத்தியிருந்த என் பழைய கறுப்புக் காரின் பானட்டில் நடுவே டேப் ஒட்டினோம். இடது பாதிக்கு என் மெழுகு, வலது பாதிக்கு அவனுடையது. சாரல் காலம் முடியும்வரை இரண்டு பேரும் கை வைக்கக் கூடாது. எந்தப் பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதோ அந்த மெழுகுதான் இனிமேல் கொட்டகையில் என்று பேச்சு. என் தெருவுக்குள் கார் நுழையாது. அதனால் அவன் வீட்டு வாசலில் வெட்டவெளியில் நிறுத்தினோம். வெள்ளிக்கிழமைதோறும் நான் போய் பானட்டின் நடுவில், இரண்டு பாதியிலும் படுகிற மாதிரி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வருவேன். தொழில் செய்த வண்டியைப் பொட்டில்லாமல் விட மனசு வராது. சாரல் கரைத்தது போக மிச்சம் அங்கேயே காய்ந்து கிடக்கும்.

சாரல் ஓய்ந்து ஒரு புதன்கிழமை பார்க்கப் போனோம். என் பக்கத்து அரைப் பொட்டு வெளுத்துக் கறையாகியிருந்தது. அவன் பக்கத்து அரைப் பொட்டில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"வீட்ல வச்சிருப்பா மாப்ள" என்றான்.

நம்பினேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். என் பக்கம் தண்ணீர் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. அவன் பக்கம் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தோற்றால் தோற்றதுதான். கோம்பை ஜீப்காரர், பண்ணைப்புரத்து டாக்சிக்காரர் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புது மெழுகுதான் உசத்தி என்று என் வாயாலேயே சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து காரை எடுக்கப் போனேன். அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி காபி கொடுத்தாள். சும்மா கேலிக்குக் கேட்டேன்: "என் பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு ஆத்தா, அவன் பக்கம் மட்டும் பொட்டு வச்சிட்ட?"

"நான் எங்கண்ணே வச்சேன்? அவுகதான் வச்சாக. காலைல காலைல அந்தப் பக்கத்தத் தேச்சுக்கிட்டு இருந்தாகள்ல, அதுல பொட்டு அழிஞ்சு போச்சு. சாமி குத்தமாயிரும், சந்தனம் ஒரசிக் குடுன்னு கேட்டாக. ஒங்களுக்குத் தெரியாதா?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கொட்டகையில் வைத்துக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"கம்பத்துல இந்த மெழுகுக்கு ஏஜென்சிக் கடை போடுறதா கம்பெனிக்காரனுக்கு முன்னாடியே வாக்குக் குடுத்துட்டேன் மாப்ள. நீ நல்லாருக்குன்னு சொல்லாம இங்கன ஆளுக நம்ப மாட்டாக."

என்னை விட்டுப் போக முடிவு செய்துவிட்டு, போகிற வழிக்கு என் நாக்கையே பாலமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். சாமி குத்தத்துக்கு அவ்வளவு பயந்தவனுக்கு, சிநேகிதனுக்குச் செய்கிற குத்தம் ஒரு குத்தமாகவே தோன்றவில்லை. கூட இருந்தே குழி பறித்தவன் என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். தை மாதம் கம்பத்தில் கடை திறந்தான்.

அடுத்த சாரலுக்கு, கொட்டகைக்கு வெளியே என் கண் முன்னால் காரை நிறுத்தி அதே சோதனையை நானே தனியாகச் செய்தேன். புதுசு தோற்க வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. முதலில் என் பக்கம்தான் அழகாக இருந்தது. போகப் போக அது மங்கியது. அவன் மெழுகு போட்ட பக்கம், ஒருவரும் தொடாமலேயே, கடைசிவரை தண்ணீரை உருட்டிவிட்டது. நேர்மையாகச் செய்திருந்தாலே ஜெயித்திருப்பான். நானும் இதையேதான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று இத்தனை வருஷம் கூட இருந்தவன் நம்பவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவேயில்லை.

இப்போதும் வண்டிக்காரர்கள் கேட்பார்கள், "எதுண்ணே ரொம்ப நாள் நிக்கும்?" என்று. பொய் சொல்ல வாய் வராது. "புதுசுதான். கம்பத்துல அவன் கடையில கெடைக்கும்" என்பேன். நான் அனுப்புகிற ஆட்களைப் பார்த்துவிட்டு, மாப்ள என்னை மன்னிச்சுட்டான் என்று அவன் எல்லாரிடமும் சொல்கிறானாம்.

மன்னிக்கவில்லை. மெழுகு நல்ல மெழுகு, அவ்வளவுதான்.