அருளம்பலம் மச்சான் கிழித்த வேட்டி

தங்கச்சி பூரணம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அக்கா, அவர் போயிற்றார்" என்றாள். "எங்க போறது? கார் இஞ்சதானே நிக்குது" என்றேன். அவள் அந்தப் பக்கம் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. என்னைக் குறை சொல்ல வேண்டாம். அருளம்பலம் மச்சானை அறிந்த உங்களில் யாருக்கும் முதலில் அதுதான் வாயில் வந்திருக்கும். சந்திக் கடையில் நெருப்புப்பெட்டி வாங்கவும் கார் எடுத்த மனிதர், இவ்வளவு தூரம் காரை விட்டுவிட்டுப் போவார் என்று யார் நினைப்பது?

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்று பூரணத்தின் மகள் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் மறதி என்ற வியாதி எனக்கு இல்லை. "நல்லதை மட்டும் எழுதுங்க பெரியம்மா" என்றாள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

பூரணத்தைக் கலியாணம் முடித்துக் கல்குடாவில் எங்கள் வீட்டு வளவுக்கு வந்தபோது, மற்ற மாப்பிள்ளைமார் போல அவர் உடுப்பு வைக்கிற றங்குப்பெட்டியோடு வரவில்லை. தன்னைவிட வயது கூடிய ஒரு காரோடு வந்தார். தபாற்கந்தோரில் முத்திரை குத்துவது அவருடைய தொழில். அந்தக் காரின் முன் விளக்குகளைக் கழற்றிப் பூட்டுவது அவருடைய சீவியம். ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் எரியாது. கராஜுக்குக் கொண்டுபோங்கள் என்றால் அவருக்குக் கோபம் வரும். "லைற் நாங்க பாக்கிறதுக்கில்ல மச்சாள், எதிர வாறவன் நம்மளப் பாக்கிறதுக்கு. அத மற்றவன் கையில குடுக்கலாமா?" என்பார்.

பல்பின் அடியில் மூன்று காதுகள் இருக்கும். சரியான பக்கத்தில் மட்டும் பொருந்துவதற்காகச் செய்தவன் வைத்த காதுகள் அவை. அது தன் கைக்கு இசையவில்லை என்று மச்சான் அரத்தை எடுத்து ஒரு காதை ராவிவிட்டார். அதன் பிறகு பல்ப் எந்தப் பக்கமும் போய் உட்கார்ந்தது. வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டுத் தென்னை வட்டுக்குப் போயிற்று. "மச்சானுக்கு ரோட்டில அலுவல் இல்ல. கள்ளு இறக்கிறவனுக்கு லைற் பிடிக்கிறார்" என்று நான் சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தது.

ஆமிக்காரர் மறிக்கிற சென்றியில் முன் விளக்கை அணைத்து உள் விளக்கைப் போட வேண்டும் என்பது அந்த நாளைய சட்டம். எங்கள் காரில் கதவைத் திறந்தால்தான் உள் விளக்கு எரியும். ஆகவே சென்றி தெரிந்ததும் மச்சான் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி காரை ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் பொழுதுபடும் நேரம் ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். பிறகு அந்தக் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டான். ஆனாலும், இனி ஒற்றைக் கண்ணோடு வந்தால் காரை மறித்து வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் விட்டான்.

பிறகு அதே மூன்று காதுகளோடு புது வகைப் பல்ப் வந்தது. அதன் கண்ணாடியில் கை படக்கூடாது, படும் எண்ணெய் சூடேறி வெடிக்கும் என்று கடைக்காரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மச்சான் அதைக் கோயில் விஷயமாக்கிவிட்டார். பல்ப் மாற்றுகிற நாளில் தலைக்கு முழுகுவார், மீன் தொடமாட்டார். பல்பைப் பிடிக்க நூல் உதிராத நல்ல வெள்ளைச் சீலை வேண்டும் என்று வளவு முழுக்கத் தேடுவார்.

என் கோபத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. சண்டைக் காலத்தில் சந்தைக்குப் போன என் மனிசன் திரும்பி வரவில்லை. அவருடைய நீலக்கரை வேட்டியை றங்குப்பெட்டியில் வைத்திருந்தேன். வருசத்துக்கு ஒரு தரம் எடுத்துத் தோய்த்து, காயவைத்து, மடித்து வைப்பேன். அப்படிக் காயப்போட்ட ஒரு நாளில் திரும்பி வந்து பார்க்கிறேன், கரைப்பக்கம் ஒரு சாண் இல்லை.

"வேட்டியில கை வைச்சது ஆர்?"

மச்சான் காரின் முன்மூடிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "பழஞ்சீலை எண்டு நினைச்சன் மச்சாள்."

"பழஞ்சீலையா? உங்கட மூளைதான் பழசு. கிழிச்ச துண்டு எங்க?"

"கிறீஸ் பட்டுப் போச்சு. எறிஞ்சிட்டன்."

"நாளைக்கு அந்த மனிசன் வந்து கேட்டா, ஒரு சாண் குறைஞ்ச வேட்டியையா குடுக்கிறது?"

அவர் மறுபடி முன்மூடிக்குள் தலையை விட்டார். அன்றோடு நான் அவரோடு பேசுவதை விட்டேன். ஒரே வளவில் இரண்டு வீட்டில் நாலு வருசம். சொல்ல வேண்டியதைப் பூரணத்திடம் சொல்வேன். அவர் பக்கத்தில் நின்றாலும், "பூரணம், அவர்ர கோழி என்ர கத்தரிக்காயக் கொத்துது எண்டு அவரிட்டச் சொல்லு" என்பேன். அவரும், "பூரணம், கோழிக்கு நான் சொல்லிப் போட்டன் எண்டு மச்சாளிட்டச் சொல்லு" என்பார். பாவம் பூரணம், தபாற்கந்தோரை விட அவளுக்குத்தான் வேலை கூட.

வெல்லாவெளியில் ஒரு பிள்ளை பெரியவளாகிச் சாமத்திய வீடு. எங்கள் சொந்தம். போகாமல் இருக்க முடியாது. நான் காரின் பின்சீற்றில் வெளியே பார்த்தபடி போனேன். பின்னேரம் வெளிக்கிடும்போது இடப்பக்க விளக்கு எரியவில்லை. மச்சானிடம் புதுப் பல்ப் ஒன்று இருந்தது. முன்மூடியைத் திறந்தார், றப்பர் மூடியைக் கழற்றினார், கம்பிக் கொழுக்கியை விலக்கினார், பழைய பல்பை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். காருக்குள் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கடைசியில், நாலு முறுக்குத் தின்ற வெறுங்கையால் புதுப் பல்பைப் பிடித்துப் பூட்டினார்.

பொழுது பட்டது. வெளிக்கிட்டோம். வயல் வட்டையைக் கடக்குமுன்னே ஒரு சத்தம், இடப்பக்கம் இருட்டு. முன்னால் யானை வருகிற ரோட்டு. அதைக் கடந்தால் சென்றி. "பூரணம், காரைத் திருப்பச் சொல்லு" என்றேன். வந்த வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்தோம். என் பாய்க்கும் தலையணைக்கும் ஏங்கி, மச்சானை நான் மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சம் அல்ல.

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

மூன்றாம் நாள்தான் கல்குடாவுக்குப் போக முடிந்தது. வளவில் கிணற்றுக்கட்டும் துணி தோய்க்கிற கல்லும் நின்றன. வீடு இரண்டும் இல்லை. பூரணம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் றங்குப்பெட்டியைத் தேடினேன். தாழங்காடு வரை போய்த் தேடினேன். பிறகு வந்து கல்லில் உட்கார்ந்தேன். மச்சான் காருக்குப் போய், அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் நீலக்கரையோடு ஒரு சாண் வேட்டி, நாலாக மடித்தபடி.

"எறியல்ல மச்சாள்" என்றார். "உங்கட முன்னால எடுக்கப் பயந்து அண்டைக்கு வெறுங்கையால பிடிச்சன்."

நாலு வருசத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் சொல் "பொய்க்காரன்." இரண்டாவது சொல், "இஞ்ச தாங்க."

பள்ளிக்கூடத்து அகதி முகாமில், சாப்பாட்டு வரிசையில், காதில் விழுகிற தூரத்தில் நிற்கிற எல்லாருக்கும் மச்சான் இந்தக் கதையைச் சொன்னார். "மச்சாள்ர கோவந்தான் எங்களக் காப்பாத்தினது. அவ சிரிச்ச முகமா இருந்திருந்தா நான் சீலையால பிடிச்சிருப்பன், பல்ப் எரிஞ்சிருக்கும், வீட்ட வந்து படுத்திருப்பம்." அறியாத மனிசர் எல்லாம் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோபமும் எனக்குத் தனியாக இருக்கிறது.

துண்டை நான் அவரிடம் கொடுக்கவில்லை. ஆனால் அவருக்கு வேறு எந்தச் சீலையும் பிடிக்கவில்லை. பல்ப் போனால் என் வாசலில் வந்து நிற்பார். "மச்சாள், சீலைக்கு வேலை வந்திற்று." "சீலை வரும். ஆனா என்ர கையோடதான் வரும்" என்பேன். இப்படித்தான் இந்த வயதில் நான் கார் பல்ப் பூட்டப் பழகினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பிழை சொல்வார். நான் பூட்டினால் வெளிச்சம் ரோட்டில் விழும். அது அவருக்குப் பொறுக்காது.

சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன பிறகு, முகாம்களில் பேர் தெரியாத சனம் இருக்கிறதாம் என்று கதை வந்தது. போய்ப் பிரயோசனம் இல்லை என்று மற்றவர்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள். மச்சான் புத்தி சொல்லவில்லை. இரண்டு புதுப் பல்ப் வாங்கி வந்தார். "எப்ப வெளிக்கிடுறது?" என்று மட்டும் கேட்டார். வவுனியாப் பக்கம் நாலு நாள் அலைந்தோம். சொந்தக்காரரிடம் வாங்கிய என் மனிசனின் படத்தை ஒவ்வொரு வாசலிலும் காட்டினேன். அவர் பின்னால் நின்றார். எங்கும் இல்லை.

திரும்பி வரும்போது மாங்கேணிக்குக் கிட்ட பின்னேர மழை. இடப்பக்க விளக்கு போயிற்று. மச்சான் குடை பிடித்தார், நான் குனிந்து பல்பைப் பூட்டினேன். கையில் அந்தத் துண்டு இருந்ததால் வாயில் வந்தது. "மச்சான், அவர் வந்து வேட்டி எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் கிழிச்சன் எண்டு சொல்லுங்க" என்றார். "அடிச்சா நான் வாங்கிறன். அதுக்கு நான் நிப்பன்."

வீடு வரும்வரை "லைற் நல்லா எரியுது" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அம்புலன்சில் ஏற்றும்போதும் அவர் பூரணத்திடம் சொன்னது, இடப்பக்கப் பல்ப் போயிருக்கிறது, வந்து மாற்ற வேண்டும் என்றுதான். சுடலைக்குக் கொண்டுபோகிற நாளில் கார் முன்னால் விளக்கெரிய வர வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய் முன்மூடியைத் திறந்தேன். "செத்த வீட்டில இது என்ன கா வேலை?" என்று பெண்டுகள் கேட்டார்கள். மச்சான் முந்தி ராவிய அந்தப் பழைய பல்ப்தான் பிஸ்கற் ரின்னில் இருந்தது. சரியான பக்கம் எது என்று என் கைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினேன். மருமகன் சுவிச்சைப் போட்டதும் அன்றைய மழை மூட்டத்து இருட்டில் தென்னை வட்டில் வெளிச்சம் விழுந்தது. பூரணம் அண்ணாந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பிஸ்கற் ரின்னும், ஒரு சாண் வேட்டியும், நான் இன்னும் விடாத கோபமும். கிழித்தது கிழித்ததுதான். ஆனால் மச்சான், நிப்பன் என்று சொல்லிவிட்டு நீங்கள் போயிற்றீர்கள். நாளைக்கு அந்த மனிசன் வந்து வேட்டி எங்கே என்று கேட்டால், அடி வாங்க இனி நான் யாரைக் கூப்பிடுவது?