உடம்பு தேறிய அந்த வாரம்

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் சுகமாகிறதா என்று அறிய இரத்தப் பரிசோதனை தேவையில்லை. முகம் கொஞ்சம் உப்பினால் போதும், சுகம் என்று முடிவு. எனக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவின் முதல் கவலை நான் மெலிந்துவிடுவேன் என்பதுதான். புற்றுநோய் அதற்கு அடுத்தது.

எனக்கு வந்த வகைக்குக் குளிசையோடுதான் வைத்தியம் தொடங்கியது. முதிராமல் பெருகிக் கிடக்கும் இரத்த அணுக்களை அந்தக் குளிசை முதிர வைக்குமாம். விழுங்கிவிட்டு வோர்டில் படுத்திருப்பதுதான் என் வேலை. இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இரண்டாவது வாரம் உடம்பு போடத் தொடங்கியது. காலையில் நிறுத்துப் பார்க்கும்போதெல்லாம் எடை கூடியிருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் சிந்தாமல் கொண்டுவந்த ஆட்டெலும்பு சூப்பைத் தன் கையாலேயே பருக்கினாள்.

"பார், கன்னமெல்லாம் வந்திட்டுது. நான் சொன்னனான்தானே, சூப் வேலை செய்யுது."

இதை எதிர்க் கட்டிலுக்கும் சொன்னாள், போனில் கனடாவுக்கும் சொன்னாள். எனக்கோ எரிச்சல். கழிவறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. படுத்தே கிடந்தால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூச்சு விடக் கஷ்டமா என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். என் வாய் நிறையச் சூப். அக்கா முந்திக்கொண்டு, "நே மிஸ், தென் ஹொந்தய்" என்றாள். இல்லை, இப்போது நன்றாக இருக்கிறாளாம். என் மூச்சுக்கு அவள் பதில் சொல்லியாயிற்று.

அன்று பின்னேரமே காய்ச்சல் அடித்தது. இழுத்த மூச்சு பாதியில் நின்றது. ஒட்சிசன் பூட்டி, எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது சதையில்லை, தண்ணி. மருந்து வேலை செய்யிறபடியாத்தான் வந்தது. அணுக்கள் ஒரேயடியா முதிரேக்க, ரத்தக் குழாயிலயிருந்து தண்ணி கசிஞ்சு நுரையீரலுக்குள்ள போகும். டிஃபரென்ஷியேஷன் சின்ட்ரோம் எண்டு சொல்லுறது."

"உயிருக்கு ஏதும்...?"

"விட்டா ஆபத்து. இப்பவே ஊசி போடுறம்."

அக்கா மிச்சச் சூப்பை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். நான் செத்துவிடுவேன் என்று பயந்தேன். என் பிள்ளைகள்கூட நினைவுக்கு வரவில்லை, ஜெபம் வரவில்லை, அடுத்த மூச்சு மட்டும்தான் வேண்டியிருந்தது.

குளிசையை நிறுத்தி ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். சில நாட்களில் தண்ணீர் வடிந்து மூச்சு சீரானது, குளிசையையும் திரும்பத் தொடங்கினார்கள். கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அக்கா வந்தால் ஒப்பாரி வைப்பாள் என்று போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டேன்.

அவள் வந்து போர்வையை விலக்கினாள். முகத்தைத் தடவினாள், கைகால்களைத் தடவிப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நல்லா மெலிஞ்சு போனாய்" என்றாள். "ஆண்டவரே, உமக்கு நன்றி."